ஏலக்காய்த் தோட்டத்தில் மூன்று மழைக்காலம் ஓடிய என் எக்ஸ்பர்ட் சிஸ்டம்

கம்பத்திலிருந்து கூட்டாளி போன் போட்டான். "மாப்ள, உன் தோட்டத்துல ஓடுதே, நோய் சொல்ற சிஸ்டம், எனக்கும் ஒண்ணு போட்டுத் தர்றியா?" அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

கேள்வி கேட்டு, 'இது இருந்தால் அது' என்ற விதிகளை வைத்து நிபுணர் மாதிரி முடிவு சொல்லும் புரோகிராம்தான் எக்ஸ்பர்ட் சிஸ்டம். வண்டன்மேட்டுத் தோட்டத்துக்காக, அந்த மாதிரி விதிகளை எழுத உதவும் கிளிப்ஸ் (CLIPS) என்ற மென்பொருளில் நானே எழுதியது. நாசாவில் 1985இல் பிறந்த கருவி. காசு கிடையாது, ஓட்டை லேப்டாப்பிலும் ஓடும். ஏலச்செடிக்கு வரும் வைரஸ் நோயான கட்டேயில் இதுவரை சறுக்கியதில்லை. இலையின் நடுநரம்பிலிருந்து ஓரம்வரை வெளிர் கோடுகள் என்றால் கட்டே, மருந்து கிடையாது, தூரோடு பிடுங்கு. அதற்குக் கம்ப்யூட்டர் எதற்கு என்று கேட்டால் பதில் இல்லை.

எனக்கு எரிச்சலே, ஒரு முடிவு எவ்வளவு நிச்சயம் என்று சொல்லும் உறுதி எண்தான். 1970களில் ஸ்டான்ஃபோர்டில் ரத்தத் தொற்றைக் கண்டுபிடிக்க எழுதிய மைசின் என்ற எக்ஸ்பர்ட் சிஸ்டத்தில் இருந்த ஏற்பாடு: ஒவ்வொரு முடிவுக்கும் -1 முதல் +1 வரை ஓர் எண். ஆசையாக எடுத்துப் போட்டேன். "காய் பழுப்பா இருக்காக்கா?" என்று கேட்டால், கங்காணி அக்கா "இருக்கும் போலதான் தம்பி" என்பார். "இருக்கும் போல" 0.4ஆ, 0.7ஆ?

போன ஜூலையில் அது வேலையைக் காட்டியது. காய் பழுப்பு, அழுகல் நோய்க்கு 0.5. காயில் வாடை, அதற்கும் 0.5. மைசின் கணக்குப்படி, முதல் 0.5 போக மீதியில் பாதியைக் கூட்டினால், இரண்டும் சேர்ந்து 0.75. 0.7 தாண்டினால் கேள்வியை நிறுத்து என்று எழுதியிருந்தவனும் நான்தான். அழுகலுக்கு மருந்தாக, 100 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ துரிசு, ஒரு கிலோ சுண்ணாம்பு என்று கலக்கி இரண்டு நாள் அடித்தோம். காய் உதிர்வது நிற்கவில்லை. பிளந்து பார்த்தால் உள்ளே புழு. துளைப்பான் போட்ட ஓட்டையில் மழைத்தண்ணீர் இறங்கி அழுகியிருக்கிறது. ஓட்டையைப் பற்றிய கேள்வி வரிசையில் அடுத்ததாகக் காத்திருந்தது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். "ஏன்" என்று தட்டினால் எந்த விதியால் அப்படிச் சொன்னது என்று காட்டும். அன்று அதை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். "அழுகினா பழுப்பாவும் இருக்கும், நாறவும் செய்யும். ரெண்டும் ஒண்ணுதானே தம்பி, எதுக்கு ரெண்டு தடவ எண்ணுது?" என்றார். தனித்தனி சாட்சியாக இருந்தால்தான் அந்தக் கூட்டல் செல்லும். படித்த எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு விதியையும் ஒன்றாக்கினேன். அப்புறம் 1979இல் மைசினைச் சோதித்த மாதிரி, அக்கா, சிஸ்டம், நான் சொன்ன முடிவுகளைச் சீட்டில் எழுதி, யார் சொன்னது என்று தெரியாமல் கலந்து, பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர்கள் மூவரிடம் மதிப்பெண் போடக் கொடுத்தேன். அன்று டாக்டர்களைவிட மைசினுக்கு ஒரு படி மேலான மதிப்பெண் கிடைத்தது. இங்கே அக்கா முதலிடம், சிஸ்டம் இரண்டாமிடம். என் இடத்தைச் சொல்லப்போவதில்லை.

கூட்டாளியிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். என்னுடையதை நான் அழிக்கப் போவதில்லை, அது வேறு. நேற்றுகூட லேப்டாப்பைத் திறப்பதற்குள் அக்கா ஒரு காயைப் பிளந்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார்.