தெருமுனையில் நோட்டுப் புத்தகத்தோடு: புதுச்சேரியில் ஓர் ஒற்றர் நடை

நான் பிறந்ததும் படித்ததும் புதுச்சேரியில்தான். 19 வயதில் பிரான்சுக்குப் போனவன், இப்போது குடும்பத்தோடு பாரிஸுக்குப் பக்கத்தில் லா கூர்நெவ்வில் இருக்கிறேன். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வந்தால் கல்யாணம், காதுகுத்து, பத்திர ஆபீஸ் என்று நாள் ஓடிவிடும். இந்த முறை 15 வயது மகள் ஒரே பிடியாக நின்றாள். "உங்க ஊரை எனக்குச் சுத்திக் காட்டுங்கப்பா." பிறந்த ஊர்தான், ஆனால் எங்கே ஆரம்பிப்பது என்று எனக்கே புரியவில்லை. மச்சான்தான் சொன்னார், பாரதி காலத்து ஒற்றர்களைப் பற்றி ஒரு காலை நடை நடக்கிறது, போய்ப் பாருங்கள் என்று.

வாட்ஸ்அப்பில் பெயர் கொடுத்தால் போதும். ஆளுக்கு 600 ரூபாய். பணம் கட்டும் லிங்க்கில் என் பிரெஞ்சு கார்டு ஏறவில்லை, ஓடிபி வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. மச்சான் ஜிபேயில் போட்டுவிட்டார். நடை முடிந்தபின் ரொக்கமாகக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறார்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை தமிழில் நடக்கிறது, மற்ற நாட்களில் ஆங்கிலத்தில். கட்டாயம் தமிழில் கேளுங்கள்.

காலை 6:30க்குக் காந்தி சிலை. முந்தின நாளே சொல்லி வைத்த வாடகைக் கார் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. முத்தியால்பேட்டையில் ஆட்டோ பிடித்தோம். அந்த நேரத்தில் கடற்கரைச் சாலைக்குள் வண்டி விடமாட்டார்கள், அதனால் தெருமுனையில் இறங்கி ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தோம். வழிகாட்டித் தம்பிக்கு 30 வயது இருக்கும். எங்களோடு சேர்த்து 9 பேர். "பரவாயில்லண்ணா, மூச்சு வாங்கிக்குங்க" என்று சொல்லிவிட்டுக் கடலைக் காட்டித் தொடங்கினார்.

1910 ஏப்ரல் 4ஆம் தேதி, கல்கத்தாவிலிருந்து டூப்ளே என்ற கப்பலில் வங்காளத்து விடுதலைப் போராளி அரவிந்தர் இந்தக் கரைக்கு வந்தார். அதற்கு 2 வருஷம் முன்பே பாரதி வந்துவிட்டார். சென்னையில் 'இந்தியா' பத்திரிகையின் உரிமையாளரை ராஜத்துரோகம் என்று பிடித்தபோது, அடுத்தது தன் முறைதான் என்று தெரிந்து பிரெஞ்சு மண்ணுக்குள் நுழைந்தவர் அவர். அதே 1910இல் இன்னொரு புரட்சிக்காரரான வ.வே.சு. ஐயரும் வந்தார். பிரிட்டிஷ் போலீசுக்கு இங்கே கைது செய்ய அதிகாரமில்லை. அதனால் ஆளைப் பிடிப்பதற்குப் பதில் ஆள் வைத்துப் பார்த்தார்கள்.

அந்தத் தம்பியிடம் எனக்கு மிகவும் பிடித்த குணம் ஒன்று உண்டு. எதைச் சொன்னாலும் அது எழுத்தில் இருப்பதா, செவிவழி வந்ததா என்று பிரித்துச் சொல்லிவிடுவார். லண்டனிலிருந்து சீக்கியர் வேஷத்தில் தப்பிய ஐயரின் பெட்டியில் வி.வி.எஸ். என்ற எழுத்துகளைப் பார்த்துத் துப்பறிகிறவன் சந்தேகப்பட, "என் பெயர் வீர விக்ரம் சிங்" என்று ஐயர் சமாளித்த கதையைச் சொல்லி மகளைச் சிரிக்க வைத்தார். உடனே, "இது எல்லாரும் சொல்ற கதை பாப்பா, அப்படியே வெச்சுக்க" என்றார். ஐயரிடம் வாஞ்சிநாதன் துப்பாக்கிப் பயிற்சி எடுத்த இடம் கரடிக்குப்பம் என்பதையும் அப்படித்தான் சொன்னார். ஆனால் 1911 ஜூன் 17ஆம் தேதி மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷை அந்த வாஞ்சிநாதன் சுட்ட பிறகு இந்த ஊரில் கண்காணிப்பு இறுகியதற்குப் பதிவுகள் இருக்கின்றன.

பிரான்சுவா மர்த்தேன் தெரு. பள்ளிக்கு சைக்கிளில் போகும்போது எத்தனையோ தடவை இதைத் தாண்டியிருக்கிறேன். அரவிந்தர் 1913 முதல் குடியிருந்த 41ஆம் எண் வீட்டுக்கு முன்னால் எங்களை நிறுத்தவில்லை, கொஞ்சம் தள்ளி முனைக்குக் கூட்டிப்போய், நடைபாதை ஓரத்தில் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தோம். "இப்படித்தான் உக்காந்திருப்பாங்க" என்றார்.

பிரிட்டிஷ் போலீஸ் இங்கே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, நிரந்தரமாக ஆட்களை வைத்திருந்தது. அந்நிய மண் என்பதால் சீருடை போட முடியாது. மூன்று நான்கு பேராக அரவிந்தர் வீட்டுக்குப் பக்கத்து முனையில் உட்கார்ந்து நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருப்பார்கள், அவ்வப்போது நோட்டுப் புத்தகத்தில் எதையாவது குறித்துக்கொள்வார்கள். அரவிந்தரோடு இருந்த நளினி காந்த குப்தா இதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறார். சுதந்திரத்துக்குப் பிறகு அந்தக் குறிப்புகளில் சில கைக்குக் கிடைத்தபோது பார்த்தால், வெறும் கற்பனை. உள்ளே நடப்பது தெரியாததால் தோன்றியதை எழுதிச் சம்பளம் வாங்கியிருக்கிறார்கள். அந்தக் காகிதத்தை நம்பித்தானே மேலே முடிவெடுத்திருப்பார்கள், அதனால் எத்தனை பேர் வாழ்க்கை அலைக்கழிந்ததோ. எனக்கு மனசு கனத்தது.

வெளியே உட்கார்ந்தவர்களைவிட வீட்டுக்குள் இருந்தவனின் கதை என்னை உலுக்கியது. பீரேன் என்ற வங்காளிப் பையன், ஒரு நண்பருக்குத் துணையாக வந்து அரவிந்தர் வீட்டிலேயே தங்கினான். கூடவே சாப்பிட்டான், வேலை செய்தான். அவன் போலீஸ் ஆள் என்று யாருக்கும் தெரியாது. ஒருநாள் தலையை மொட்டையடித்துக்கொண்டான். அவனுக்குப் பதிலாக வரப்போகும் புது ஒற்றன், மொட்டைத் தலையை வைத்து ஆளைக் கண்டுகொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. அதே நேரம் வீட்டிலிருந்த மோனி என்ற இன்னொரு பையன், "நானும் மொட்டை போட்டுக்கறேன்" என்று கிளம்பினான். அவனுக்கு ஒன்றும் தெரியாது, சும்மா ஆசை. பீரேனோ தன் குட்டு வெளிப்பட்டுவிட்டது என்று நடுங்கிப்போய், அரவிந்தர் முன்னால் அழுது எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, போலீஸ் கொடுத்த பணத்தையும் எடுத்து வைத்துவிட்டான்.

ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரமே வைத்த வள்ளுவர், ஒற்றனை ஒற்றன் அறியாதபடி ஆள வேண்டும் என்கிறார். இங்கே ஒருவனை ஒருவன் கண்டுகொள்ளப் போட்ட ஏற்பாடே காலை வாரிவிட்டது.

வழியில் கழிப்பறை கிடையாது. வயசானவர்களும் பிள்ளைகளும் வருவார்கள் என்று தம்பியே ஒரு காபிக் கடையில் பேசி வைத்திருந்தார், காபியும் அங்கேதான். குறை என்றால், கால்வாயைத் தாண்டித் தமிழர் பகுதிக்குள் வந்ததும் பைக் ஹாரனில் அவர் குரல் பின்னால் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை. சட்டையில் மாட்டிக்கொள்ளும் ஒரு சின்ன மைக் இருந்தால் சரியாகிவிடும். சொன்னேன், குறித்துக்கொண்டார்.

ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதி வீடு. நாங்கள் போனபோது திறக்கவில்லை. வாசலில் நின்றபடியே பையிலிருந்து துருப்பிடித்த சின்னத் தகர டப்பா ஒன்றை எடுத்தார். 1912இல் ஐயர் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இறைத்த வேலைக்காரப் பெண்ணுக்கு இப்படி ஒரு டப்பா கிடைத்தது. உள்ளே காளி படம், ராஜத்துரோகத் துண்டுப் பிரசுரங்கள். பழிபோட யாரோ எறிந்தது. ஐயரும் நண்பர்களும் அதை மறைக்காமல் முந்திக்கொண்டு பிரெஞ்சுப் போலீசிடமே கொடுத்துவிட்டார்கள். அப்புறம் மயூரேசன் என்ற உளவாளி புகார் கொடுக்க, சோதனை வந்தது. அரவிந்தர் வீட்டைச் சோதிக்க வந்த நான்தோ என்ற நீதிபதி, மேஜையில் கிரேக்க, லத்தீன் புத்தகங்களைப் பார்த்து வியந்துபோய், "இவருக்கு லத்தீன் தெரியும், கிரேக்கம் தெரியும்!" என்று சொல்லித் திரும்பினார். புகார் கொடுத்தவன் பிரிட்டிஷ் எல்லைக்கு ஓடிவிட்டான். மகள் அந்த டப்பாவை வாங்கித் திறந்து மூடிக்கொண்டே இருந்தாள்.

அப்புறம் அவள் கேட்டாள். "வேவு பார்த்தவங்களும் தமிழங்கதானே, வெள்ளைக்காரங்க இல்லையே?" தம்பி மழுப்பவில்லை. "ஆமா பாப்பா, நம்மாளுங்கதான், வங்காளிங்களும் இருந்தாங்க. மாசச் சம்பளம் வந்துச்சு" என்றார். அதோடு விடாமல், 1911இல் வந்த ஒரு சட்டத்தைச் சொன்னார். வெளியூரிலிருந்து வந்து தங்கியிருப்பவர்களுக்கு ஊர்ப் பெரிய மனிதர்கள் 5 பேர் சான்று கொடுக்க வேண்டும், இல்லையென்றால் வெளியேற்றலாம். பிரிட்டிஷ்காரனின் கோபம் நிச்சயம் என்று தெரிந்தும் 5 பேர் கையெழுத்துப் போட்டார்கள். அவர்களில் ஒருவர் சங்கரன் செட்டியார், அரவிந்தர் வந்து இறங்கியதும் தன் வீட்டு மாடியைக் கொடுத்தவர். எங்கள் ஊர்க்காரர். இதைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. 12 வருஷம் இந்த ஊர்ப் பள்ளியில் படித்திருக்கிறேன், ஒருவரும் இதைச் சொன்னதில்லை.

2 மணி நேரம் என்றார்கள், 3 மணி நேரம் ஆனது. கடைசியாகச் சொன்னது 1918 நவம்பர் 20. பத்து வருஷப் புதுச்சேரி வாழ்க்கையை விட்டு பாரதி கிளம்பினார். எல்லை தாண்டியதும் கடலூர்ப் பக்கம் பிடித்துவிட்டார்கள். டிசம்பர் 14 வரை சிறை. விடும்போதும், எழுதுவதை வெளியிடுமுன் சி.ஐ.டி. அதிகாரியிடம் காட்ட வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். குயில் பாட்டும் பாஞ்சாலி சபதமும் எழுதிய கைக்கு!

வீட்டுக்குப் போய் இட்லி சாப்பிட்டுவிட்டு, பத்தரை மணிக்கு நானும் மகளும் மட்டும் பாரதி வீட்டுக்குத் திரும்பி வந்தோம். திறந்திருந்தார்கள். உள்ளே கையெழுத்துப் பிரதிகளையும் படங்களையும் பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று காணோம். வாசலுக்கு வந்து பார்த்தால், எதிர்ப்பக்கம் தெருமுனையில் நின்றுகொண்டு, வீட்டு வாசல் அங்கிருந்து எவ்வளவு தெரிகிறது என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.