ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரையா, உடற்பயிற்சியா?

வயது ஏற ஏற செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து கசியும், செல்களைச் சிதைக்கக்கூடிய ஃப்ரீ ராடிக்கல் மூலக்கூறுகள் கூடுகின்றன. அவற்றை அடக்க உடலே தயாரிக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட்டான குளுட்டாதயோனோ பல திசுக்களில் குறைகிறது. இந்தப் பள்ளத்தை எதை வைத்து நிரப்புவது?

மாத்திரை சுலபம், விழுங்கினால் வேலை முடிந்தது. ஆனால் வைட்டமின் சி, ஈ மூலக்கூறுகள் ஒரு நேரத்தில் ஓரிரு ராடிக்கல்களைத்தான் அணைக்கும். உடலே தயாரிக்கும் கேட்டலேஸ் நொதியின் ஒரே மூலக்கூறு ராடிக்கல்களிலிருந்து உருவாகும் ஹைட்ரஜன் பெராக்சைடு மூலக்கூறுகளை நொடிக்கு லட்சக்கணக்கில் உடைத்துத் தள்ளும். போட்டியே இல்லை! போதாக்குறைக்கு, 1994-இல் வெளியான ஃபின்லாந்து ஆய்வில் பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை எடுத்த புகைபிடிக்கும் ஆண்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, கூடியது.

உடற்பயிற்சி ராடிக்கல்களைக் கொஞ்ச நேரம் கூட்டத்தான் செய்யும். வேடிக்கை அங்கேதான். அந்த உரசலில் என்ஆர்எஃப்2 என்ற புரதம் விழித்துக்கொண்டு, செல்லின் உட்கருவுக்குள் போய், கேட்டலேஸ் போன்ற பாதுகாப்பு நொதிகளுக்கான ஜீன்களை முடுக்கிவிடுகிறது. முதுமையில் இந்த விழிப்பு மந்தமாகும், அற்றுப்போகாது.

சரி, இரண்டையும் சேர்த்துச் செய்தால்? 2009-இல் வந்த ஒரு ஜெர்மன் ஆய்வில், வைட்டமின் சி, ஈ எடுத்தபடி பயிற்சி செய்த இளைஞர்களுக்கு இன்சுலின் செயல்திறனில், பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குக் கிடைத்த முன்னேற்றம் கிடைக்கவில்லை. வைட்டமின் குறைபாடு இருப்பதாக மருத்துவர் சொன்னால் ஒழிய, என் ஓட்டு நடைப்பயிற்சிக்குத்தான்.