"போர்டு போச்சு" என்றால் உடனே பணத்தை எடுக்காதீர்கள்: நாகர்கோவில் பக்கம் லேப்டாப் பேட்டரி மாற்றுபவர்கள் கவனத்துக்கு

திங்கள்சந்தை பக்கத்துக் கல்லூரி மாணவி ஒருவரின் லேப்டாப். ஐந்து வருடப் பழசு, 14.6 வோல்ட், 41 வாட்-அவர், நான்கு உருளை செல் போட்ட பேட்டரி. 35 சதவீதம் காட்டும்போதே பட்டென்று அணையும். சார்ஜர் குத்தி ஆன் செய்தால் 5 சதவீதம் என்று வரும். நாகர்கோவிலில் ஒரு கடையில் கொடுத்திருக்கிறார்கள். "போர்டு போச்சு, ஐசி மாத்தணும்" (அதாவது மதர்போர்டில் இருக்கும் சிப்பை) என்று 3,500 ரூபாய், "ஒரிஜினல்" பேட்டரி என்று 2,800 ரூபாய். ஜிஎஸ்டி எண் இல்லாத துண்டுச்சீட்டு. பழைய பேட்டரியைத் திருப்பித் தரவில்லை. ஒன்றரை மாதம் கழித்து அதே கோளாறு. இந்த முறை 40 சதவீதத்திலேயே.

போர்டு போனதற்கு ஆதாரமாகக் கடைக்காரர் காட்டியது, விண்டோஸ் தன் கோளாறுகளைப் பதிந்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் சிவப்பாக நிற்கும் "கெர்னல்-பவர் 41". இதை வைத்து ஏமாற்றுவது ரொம்பச் சுலபம். முறைப்படி ஷட் டவுன் ஆகாமல் லேப்டாப் நின்றுபோனது என்பதைத் தவிர அந்த வரியில் வேறு செய்தி இல்லை. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தாலும் அதுதான் வரும். ஐசி பற்றி அதில் ஒரு எழுத்தும் கிடையாது.

போர்டா பேட்டரியா என்று பிரிக்கச் செலவே இல்லை. பேட்டரியைக் கழற்றிவிட்டு அடாப்டரில் மட்டும் இரண்டு மணி நேரம் வீடியோ ஓட்டுங்கள். கழற்ற முடியாத மாடல் என்றால் சார்ஜர் குத்தியபடியே ஓட்டலாம். அணையாமல் ஓடினால் முதல் சந்தேகம் பேட்டரிமேல்தான். அடாப்டரிலும் அணைந்தால் சூடு, விசிறித் தூசி, சார்ஜர் பின், கடைசியாகத்தான் போர்டு.

அடுத்து பேட்டரி ரிப்போர்ட். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, பவர்சிஎஃப்ஜி என்று அடித்து, ஒரு இடம் விட்டு, சாய்வுக்கோடு போட்டு, பேட்டரிரிப்போர்ட் என்று சேர்த்து அடியுங்கள் (எல்லாம் ஆங்கில எழுத்தில்). ஃபைல் எங்கே சேமிக்கப்பட்டது என்று அதுவே சொல்லும். டிசைன் கெப்பாசிட்டி (புதிதாக இருந்தபோது கொள்ளளவு), ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி (இப்போது கொள்வது) இரண்டையும் ஒப்பிடுங்கள். 41,000 (மில்லிவாட்-அவர், அதாவது 41 வாட்-அவர்) இருந்த இடத்தில் 20,000 என்றால் பாதி உயிர் போய்விட்டது.

ஆனால் மாற்றிய பேட்டரியில் இந்த ரிப்போர்ட்டை அப்படியே நம்பக் கூடாது. மேற்படி லேப்டாப்பில் இரண்டும் ஒரே எண், சைக்கிள் கவுன்ட் (எத்தனை முறை முழுதாகச் சார்ஜ் ஏறி இறங்கியது என்ற கணக்கு) 0. தினமும் சார்ஜ் போட்டும் ஒன்றரை மாதத்தில் ஃபுல் சார்ஜ் எண் கொஞ்சமும் அசையவில்லை. பேட்டரிக்குள் இருக்கும் கணக்குச் சிப்பை ரீசெட் செய்து பழைய செல்லைக் கோத்தால் இப்படித்தான் காட்டும். (சில கம்பெனி லேப்டாப்கள் நல்ல பேட்டரிக்கும் சைக்கிள் 0 என்றே காட்டும், அதை மட்டும் வைத்துச் சண்டைக்குப் போக வேண்டாம்.)

பேக்கைப் பிரித்தபோது சங்கதி வெளியே வந்தது. செல்கள்மேல் புது நீல உறை. உறையை உரித்தால் முனைகளில் பழைய ஸ்பாட் வெல்டிங் தழும்பு, அதன் பக்கத்தில் புது வெல்டிங். சும்மா இருக்கும்போது நான்கும் 3.8 வோல்ட் அருகே. லோடு கொடுத்ததும் மூன்று செல் 3.6-இல் நிற்க, ஒன்று மட்டும் 2.9-க்குச் சரிந்தது. வயதான செல்லில் உள்தடை ஏறிவிடும். லோடு கூடும்போது வோல்ட் விழும். ஒரு செல் கீழ் எல்லையைத் தொட்டாலே பாதுகாப்புச் சர்க்யூட் மொத்தப் பேக்கையும் துண்டித்துவிடும். சிப்போ இன்னும் 40 சதவீதம் என்றே சொல்லிக்கொண்டிருக்கும். ஃபைலைச் சேமிக்கச் சொல்லிக் கேட்கக்கூட விண்டோஸுக்கு நேரம் கிடைக்காது.

இந்தச் செல்கள் எங்கிருந்து வருகின்றன? பழைய பேக்கில் பெரும்பாலும் ஒன்றிரண்டு செல்தான் முதலில் சாகும். மிச்சத்தில் கொஞ்சம் உயிர் இருக்கும். அதை உருவி, உறை மாற்றி, அடுத்த ஆளுக்குக் கோத்துவிடலாம். அதனால் பழைய பேட்டரியைக் கேட்டு வாங்குங்கள். தர மறுக்கிற கடையில் வேலை கொடுக்காமல் இருப்பதே நல்லது.

வாங்கும்போது லேபிளில் கணக்குப் போடுங்கள்: வோல்ட்டை ஆம்பியர்-அவரால் பெருக்கினால் வாட்-அவர். 11.1 வோல்ட், 4,400 எம்ஏஎச் (4.4 ஆம்பியர்-அவர்) என்றால் சுமார் 49 வாட்-அவர். பெருக்கல் ஒத்துவராத ஸ்டிக்கர், அச்சடித்தவனுக்கே தெரியாத ஸ்டிக்கர். பேட்டரிக்கான இந்தியத் தர எண் ஐஎஸ் 16046, அதோடு ஆர் என்று தொடங்கும் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் எந்தக் கம்பெனி என்று வரும். தயாரிப்புத் தேதியையும் பாருங்கள். நிஜமான ஒரிஜினலே ஆனாலும் நாலைந்து வருடம் ஷெல்பில் கிடந்தது பாதிக் கிழடு.

கடையிலேயே 100 சதவீதம் ஏற்றி, சார்ஜரைப் பிடுங்கி, அரை மணி நேரம் வீடியோ ஓட்டச் சொல்லுங்கள். 12 வாட் இழுக்கும் லேப்டாப் 41 வாட்-அவர் பேட்டரியில் அரை மணிக்கு 15 சதவீதம் வரை குறைக்கும். 30 குறைந்தால் உள்ளே இருப்பது பாதிதான். 80-லிருந்து 62-க்குத் தாவினால் கையில் வாங்கவே வேண்டாம். "கேலிபரேஷன் பண்ணினா சரியாகும்" என்பார்கள்; அது சிப்பின் கணக்கைத் திருத்துமே தவிர, செத்த செல்லை எழுப்பாது.

மாற்றும்வரை சமாளிக்க, பவர் ஆப்ஷனில் கிரிட்டிக்கல் பேட்டரி லெவலை அணையும் அளவுக்கு மேலே வையுங்கள் (35-இல் அணைந்தால் 42), அப்போது நடக்க வேண்டிய செயலாக ஹைபர்னேட் (வேலையைச் சேமித்துவிட்டு அணைவது) என்று வையுங்கள். டச்பேட் மேலே தூக்கியிருந்தால் இந்தச் சமாளிப்பு வேண்டாம்: பேட்டரி உப்பியிருக்கிறது. சார்ஜ் போடாதீர்கள், அமுக்காதீர்கள், கழற்றக் கொடுத்துவிடுங்கள்.

ஏற்கனவே ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அதில் தீரவில்லை என்றால் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருள், சேவை பற்றிய புகாருக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். துண்டுச்சீட்டானாலும் பத்திரமாக வையுங்கள். ஜிபே, போன்பேயில் பணம் போன ஸ்கிரீன்ஷாட், பிரித்த செல்லின் தழும்பு தெரியும் படம், வாட்ஸ்அப்பில் "ஒரிஜினல்தான்" என்று அவர் போட்ட மெசேஜ், மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள்.