நீரோ நாணயம் என்று விற்ற வார்ப்புப் போலி: ரோமானிய வெண்கலம் சேர்ப்பவர்கள் கவனிக்கவும்

லண்டன் நாணயக் கண்காட்சிகளில் மேசை போடும், இணையத்திலும் விற்கும் ஒரு வியாபாரியிடம் ரோமப் பேரரசர் நீரோவின் செஸ்டர்டியஸ் என்ற பெரிய நாணயம் ஒன்றை 450 பவுண்டுக்கு வாங்கினேன். அது போலி. போலி என்று ஆதாரத்தோடு காட்டிய பிறகும் அவர் கையை விரித்துவிட்டதால் இதை எழுத வேண்டியிருக்கிறது.

முன்பக்கம் பருத்த கழுத்தோடு நீரோ. பின்பக்கம், வாசல்களின் தெய்வமான ஜானஸுக்கு ரோமில் இருந்த கோயில், கதவடைத்த நிலையில். கதவின் மேல் மாலைத் தோரணம். ரோம மக்களுக்கு நிலத்திலும் கடலிலும் அமைதி வந்தபின் கோயிலை அடைத்தார் என்று சுற்றிலும் லத்தீனில் எழுதியிருக்கும். போர் ஓய்ந்த காலத்தில்தான் அந்தக் கதவை அடைப்பார்கள் என்பதால், கி.பி. 60களில் சந்தைக்குப் போன ஒவ்வொருவர் கையிலும் பேரரசரின் தம்பட்டம் இருந்தது. இந்தக் கதவுக்காகவே பலர் இதைத் தேடுகிறார்கள். போலி செய்பவர்களுக்கும் அது தெரியும்.

‘ரோம் நாணயச்சாலை’ என்று நாணயத்தோடு வந்த சீட்டில் இருந்தது. ஆனால் நீரோவின் கழுத்து நுனியில் ஒரு சிறு உருண்டை! அது லுக்துனும், அதாவது இன்றைய லியோன், நாணயச்சாலையின் அடையாளம். செஸ்டர்டியஸ் விற்பவருக்கு இது அரிச்சுவடி.

எடை 21 கிராம். அக்காலத்து செஸ்டர்டியஸ்கள் பெரும்பாலும் 25 கிராமுக்கு மேல் நிற்கும். எடையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாதுதான். ஆனால் விளிம்பு முழுவதும் அரம் ராவிய கீறல்கள்: வார்ப்பு அச்சின் இரு பாதிகள் சேர்ந்த தையலை மறைக்கச் செய்த வேலை. உருப்பெருக்கியில் பார்த்தால் நீரோவின் கன்னமெங்கும் வார்ப்பில் விழும் ஊசிமுனைத் துளைகள். எழுத்துகளின் அடி மழுங்கிக் கிடந்தது. அசிட்டோன் நனைத்த பஞ்சால் துடைத்தேன். பச்சை நிறம் பஞ்சில் ஒட்டிக்கொண்டு வந்தது, அடியில் புதுப் பித்தளை பளபளத்தது. நூற்றாண்டுகளாக ஏறிய களிம்பு அப்படி வராது.

அதைவிடக் கொடுமை, அவருடைய பட்டியலிலேயே இதன் இரட்டைப் பிறவி இருந்தது. ஒரே அச்சில் அடித்த இரண்டு நாணயங்கள் கிடைப்பது இயல்பு. ஆனால் சம்மட்டியால் ஒவ்வொன்றாக அடித்த காலத்தில் ஓரத்துப் பிளவும், படம் இடப்பக்கம் சரிந்த அளவும், நீரோவின் காதருகே விழுந்த கீறலும் இரண்டிலும் அச்சு அசலாக அமையுமா? ஒரே மூலத்திலிருந்து வார்த்தெடுத்தால்தான் அமையும்.

படங்களை அனுப்பினேன். “உத்தரவாதச் சான்றிதழ் கொடுத்திருக்கிறேனே” என்றார். அதில் கையெழுத்துப் போட்டதும் அவரேதான். பிறகு, திருப்பி எடுக்கும் காலம் முடிந்துவிட்டது என்றார். காலவரையறை இருப்பதாகச் சீட்டிலும் இல்லை, ரசீதிலும் இல்லை. கடைசியில் பதிலே நின்றுபோனது. கிரெடிட் கார்டு வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன், விசாரணை நடக்கிறது.

இரட்டைப் பிறவி இன்னும் விற்பனையில் இருக்கிறது, இப்போது ‘லுக்துனும்’ என்று திருத்திய சீட்டோடு. காதருகே கீறலுள்ள ஜானஸ் கோயில் நாணயம் உங்கள் கண்ணில் பட்டால் விளிம்பின் படத்தைக் கேளுங்கள். என்னிடம் உள்ளதன் படங்களை, ஒப்பிட விரும்புகிறவர்களுக்கு அனுப்புகிறேன்.