3,400 ரூபாய்க்கு ஒரு உடம்பு

குரோம்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் பதினொரு பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுக்கிறேன். ஒன்பதாவது, பத்தாவது, அப்புறம் பிளஸ் ஒன் படிக்கிற மூன்று பேர். எல்லாரும் தமிழ் மீடியம். உறுப்பு மண்டலங்கள் நடத்திக்கொண்டிருந்த ஒரு நாள், "கணையம் எங்கே இருக்கு, கை வச்சுக் காட்டுங்க" என்றேன். ஒருத்தன் தொப்புளைக் காட்டினான், ஒருத்தி முதுகைக் காட்டினாள், மற்றவர்கள் அந்த இரண்டு பேரையும் பார்த்தார்கள். இதே பிள்ளைகளிடம் இன்சுலின் எங்கே சுரக்கிறது என்று கேட்டால் கணையத்திலுள்ள 'லாங்கர்ஹான் திட்டுகள்' என்று கோரஸாகச் சொல்வார்கள். சரி, ஒரு மாடல் வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

பாரிமுனைப் பக்கம் பள்ளிக்கூடத்து லேப் சாமான் விற்கும் ஒரு கடை. பெயர் வேண்டாம், காரணம் பின்னால் வருகிறது. கை கால் இல்லாத நிஜ உடம்பின் அளவுக்குப் பக்கத்தில் வரும் 85 செ.மீ. மாடலின் விலையைக் கேட்டதும் நான் பேச்சை மாற்றிவிட்டேன். 42 செ.மீ. உயரத்தில் தலையோடு சேர்ந்த உடம்பு, கை கால் இல்லை, உறுப்புகளைக் கழற்றி மாட்டலாம். 3,800 சொன்னார், 3,400-க்கு முடிந்தது. பெட்டியில் 13 பாகம் என்று போட்டிருந்தது. வீட்டில் வந்து எண்ணினால் பன்னிரண்டுதான். அப்புறம்தான் புரிந்தது, வெறும் உடம்புக் கூட்டையும் ஒரு பாகமாகக் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள்.

பெட்டியின் மேல்மூடி கிழிந்திருந்ததால் பீச் ஸ்டேஷனிலிருந்து அதன் தலை வெளியே எட்டிப் பார்த்தபடியே வந்தது. அதுவும் பாதி மண்டை திறந்து மூளை தெரிகிற தலை. பார்க் ஸ்டேஷனில் ஏறிய ஒரு பாட்டி எதிரே உட்கார்ந்து இரண்டு ஸ்டேஷன் வரை அதையே பார்த்துவிட்டு, "யாருக்கும்மா ஆபரேஷன்?" என்றார். பார்க் ஸ்டேஷன் பக்கத்தில்தான் 1835-இல் தொடங்கிய சென்னை மருத்துவக் கல்லூரி. அங்கே சேருகிறவர்களுக்கு நிஜ உடம்பு கிடைக்கும். என் பிள்ளைகளுக்கு இந்த பிளாஸ்டிக்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். புத்தகத்தில் ஒவ்வொரு மண்டலத்துக்கும் ஒரு படம். செரிமான மண்டலப் படத்தில் நுரையீரல் இருக்காது, சுவாச மண்டலப் படத்தில் இரைப்பை இருக்காது. பிள்ளைகள் மனதில் இவை பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரித் தனித்தனியாக இருக்கின்றன. மாடலில் அப்படி முடியாது. கணையத்தைப் பார்க்க வேண்டுமானால் முதலில் கல்லீரலைக் கழற்ற வேண்டும், அப்புறம் இரைப்பையை எடுக்க வேண்டும். அதற்குப் பின்னால், முன்சிறுகுடலின் வளைவுக்குள் தலையை வைத்து, வாலை மண்ணீரல் பக்கம் நீட்டி, மஞ்சளாகப் படுத்திருக்கிறது. அன்றைக்கு முதுகைக் காட்டியவளுக்குத்தான் பாதி மார்க் என்றேன். அவள் ஒரு வாரம் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

மண்ணீரலை யாருக்கும் தெரியவில்லை. "கறிக்கடையில சுவரொட்டின்னு வாங்குவீங்களே, அதுதான்" என்றதும் நாலு பேர் முகத்தில் பல்ப் எரிந்தது. கல்லீரலைத் தூக்கினால் அடியில் பச்சையாகப் பித்தப்பை ஒட்டியிருக்கிறது. பித்தநீர் சுரப்பது கல்லீரல், பித்தப்பை அதைச் சேர்த்து மட்டும்தான் வைக்கிறது என்பதை நான் எத்தனை முறை சொல்லியிருப்பேனோ, அதைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்த பிறகுதான் பரீட்சையில் சரியாக எழுதினார்கள். வலது நுரையீரலில் மூன்று மடல், இடதில் இரண்டு. கோடுகள் சுத்தமாகத் தெரிகின்றன. இரண்டையும் எடுத்துவிட்டால் மூச்சுக்குழாய் பிரிகிற இடம் தெரிகிறது. வலது கிளை கொஞ்சம் அகலமாக, நேராகக் கீழே இறங்குவதையும் காட்டியிருக்கிறார்கள். சின்னக் குழந்தை வேர்க்கடலையை விழுங்கிப் புரையேறினால் அது பெரும்பாலும் வலது பக்கம் போவது ஏன் என்று இதை வைத்தே சொல்லிவிடலாம்.

குடல் மட்டும் ஒரே கட்டியாக வருகிறது, பிரிக்க முடியாது. அதனால் துணி காயப்போடுகிற நைலான் கயிற்றில் ஆறு மீட்டர் வெட்டி, மாடிப்படியிலிருந்து தண்ணீர் டேங்க் வரை இழுத்துப் பிடிக்கச் சொன்னேன். சிறுகுடல் நீளம் ஏறக்குறைய அவ்வளவுதான். "இப்போ இதைச் சுருட்டி உன் வயித்துக்குள்ள வை" என்றதற்கு அரை மணி நேரம் போனது. மாடல் விலை 3,400, கயிறு 40 ரூபாய். எது அதிகம் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டால் யோசிக்க வேண்டியிருக்கிறது.

இனி குறைகள். முதல் குறையைக் கண்டுபிடித்தது பத்தாவது படிக்கிற பையன். "டீச்சர், ரெண்டு கிட்னியும் ஒரே மட்டத்துல இருக்கே?" என்றான். ஆமாம். மேலே கல்லீரல் உட்கார்ந்திருப்பதால் வலது சிறுநீரகம் சற்றுக் கீழே இருக்க வேண்டும். இதில் தராசுத் தட்டு மாதிரி இரண்டும் சமம். அச்சு எடுத்தவர் அழகு பார்த்திருக்கிறார் போலிருக்கிறது.

அதைப் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டாவதை முடியாது. இதயம் இரண்டு பாதியாகத் திறக்கிறது. உள்ளே நான்கு அறையும் தெரிகின்றன. இடது வெண்ட்ரிக்கிள் சுவர் தடிமனாக இருப்பதைக்கூடச் சரியாகச் செய்திருக்கிறார்கள். ஆனால் வெளியே தமனி என்றால் சிவப்பு, சிரை என்றால் நீலம் என்று கண்ணை மூடிக்கொண்டு பெயின்ட் அடித்துவிட்டார்கள். நுரையீரல் தமனியும் சிவப்பு! ஆக்ஸிஜன் குறைந்த ரத்தத்தை நுரையீரலுக்குக் கொண்டு போகிற குழாய் அது, நீலமாக இருக்க வேண்டும். ஆக்ஸிஜனோடு இடது ஆரிக்கிளுக்குத் திரும்புகிற நான்கு நுரையீரல் சிரைகள்தான் சிவப்பாக இருக்க வேண்டும். பிறந்த பிறகு உடம்பில் இப்படி மாறி வேலை செய்வது இந்த ஒரு ஜோடிதான் என்பதால்தானே பரீட்சையில் திருப்பித் திருப்பிக் கேட்கிறார்கள்? அந்த ஒரு இடத்தில் மாடலே தப்பான விடை சொல்கிறது.

கடைக்கு போன் செய்தேன். "ஸ்கூல் பசங்களுக்கு இது போதும் மேடம், இதுவரை யாரும் கேட்டதில்லை" என்றார். எனக்குக் கோபம் அங்கேதான் வந்தது. பழங்கால ரோமாபுரி மருத்துவர் கேலன் குரங்கையும் பன்றியையும் அறுத்துப் பார்த்துவிட்டு மனிதனின் கீழ்த்தாடை இரண்டு எலும்பு என்று எழுதினார். 1543-இல் உடற்கூறு அறிஞர் வெசாலியஸ் ஒரே எலும்புதான் என்று காட்டுகிற வரை ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு மேல் அது ஓடியது. யாரும் கேட்காவிட்டால் இப்படித்தான் ஓடும். மாற்றித் தர முடியாது, பில்லில் போட்டிருக்கிறதே என்றார் கடைக்காரர். போட்டுத்தான் இருந்தது.

ஃபேன்சி ஸ்டோரில் 60 ரூபாய்க்கு நீல நெயில் பாலிஷ் ஒன்றும் சிவப்பு ஒன்றும் வாங்கினோம். பிளஸ் ஒன் பெண்கள் இருவர் உட்கார்ந்து திருத்தினார்கள். கடையில் அடித்த பெயின்டைவிட இது நன்றாகவே ஒட்டியிருக்கிறது. ரத்தம் நிஜமாகவே நீலமா என்று ஒருத்தன் கேட்டான். இல்லை, கருஞ்சிவப்புதான், இது நமக்கு அடையாளத்துக்கு என்று சொன்னேன்.

இன்னொன்று: இடுப்புக்குக் கீழே ஒன்றுமே இல்லை. மூத்திரப்பையோடு நின்றுவிடுகிறது. "ஸ்கூலுக்கு இதுதான் மேடம் போகும்" என்று வாங்கும்போதே சொன்னார். பிள்ளைகளுக்கு நிம்மதி, எனக்கு இல்லை. இனப்பெருக்க மண்டலத்தைப் பழையபடி புத்தகப் படத்தை வைத்துத்தான் நடத்துகிறேன், அவர்களும் பழையபடி ஜன்னலைத்தான் பார்க்கிறார்கள்.

இரைப்பையை மாட்டுகிற பிளாஸ்டிக் ஆணி மூன்றாவது வாரம் உடைந்தது. எம்-சீல் போட்டு நிறுத்தியிருக்கிறேன். இடது நுரையீரல் லூசாக இருப்பதால் தலைமுடிக்குப் போடுகிற ரப்பர் பேண்டைச் சுற்றியிருக்கிறோம்.

ஐந்துக்கு மூன்று ஸ்டார் தருவேன். நான்காவது ஸ்டார் அந்த போனில் போய்விட்டது. வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே பெட்டியைப் பிரித்து, இதயத்தைக் கையில் எடுத்து, நுரையீரல் தமனியின் நிறத்தைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். பெரிய துணிப்பை ஒன்றும் எடுத்துப் போங்கள், தலை வெளியே தெரியாது.