மலையிலேயே இருப்பதா, சேலத்தில் வீடு எடுப்பதா?

எங்கள் பையனுக்கு டவுன் சிண்ட்ரோம் (வளர்ச்சியையும் கற்றலையும் மெதுவாக்கும் பிறவி மரபணுக் குறை), இப்போது எட்டு வயது. ஏற்காட்டில் இருக்கிற எங்களுக்கு இரண்டு வழி இருந்தது. சேலத்தில் வாடகைக்குப் போய்ச் சிறப்புப் பள்ளியில் சேர்ப்பது, இல்லையென்றால் மலையிலேயே அரசுப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு மீதியை வீட்டில் பார்த்துக்கொள்வது. இரண்டையும் இரண்டிரண்டு வருடம் செய்து பார்த்தாயிற்று. தினமும் பஸ்ஸில் போய்வரலாமே என்பார்கள். 20 கொண்டை ஊசி வளைவிலும் வாந்தி எடுத்துவிட்டு வரும் பிள்ளை பயிற்சியில் தூங்கத்தான் செய்யும்.

அவனுடைய நான்கு வயதில் சேலம் அஸ்தம்பட்டியில் வீடு எடுத்தோம். பேச்சுப் பயிற்சி, பிசியோதெரபி எல்லாம் கிட்டத்தில். இந்தப் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இதயக் குறை இருக்கும். தைராய்டையும் வருடம் தவறாமல் பார்க்க வேண்டும். டாக்டர் பக்கத்தில் இருப்பது பெரிய தைரியம். ஆனால் பயிற்சி நடக்கும்போது நான் வெளியே நாற்காலியில்தான். உள்ளே என்ன செய்தார்கள் என்று யாரும் சொல்லித் தரவில்லை. என் கணவர் மலையில் எஸ்டேட்டில், மகள் என் அம்மாவிடம். அந்த வருட ரேங்க் கார்டு முழுக்கப் பாட்டி கையெழுத்து.

மலையில் பேச்சுப் பயிற்சி கிடையாது, அதற்கு மாதம் இரண்டு முறை கீழே இறங்குகிறோம். கல்வித் துறையின் வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்பாசிரியரும் தினமும் வருவதில்லை. ஆனால் வந்தால் என்னைத்தான் செய்யச் சொல்வார். "ஒவ்வொரு பட்டனையும் முக்கால்வாசி நீங்க நுழைச்சிடுங்க அம்மா, கடைசி இழுப்பை மட்டும் அவன்கிட்ட விடுங்க. அது பழகினதும் அதுக்கு முந்தின படி." நான் அதுவரை முதல் படியிலேயே மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

பணத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம். மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை, 1 லட்சம் வரையிலான மத்திய அரசின் நிராமயா மருத்துவக் காப்பீடு, இரண்டுக்கும் எந்த ஊர் என்பது கணக்கில்லை. பள்ளியில் தயங்கினால் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைச் சொல்லுங்கள்: 6 முதல் 18 வயது வரை பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பது நம் விருப்பம்.

என்னைக் கேட்டால் ஆறு வயதுவரை சேலம், அப்புறம் மலை. வலிப்போ இதயக் கோளாறோ இருந்தால் மட்டும் யோசிக்கவே வேண்டாம், கீழேயே இருங்கள்.

இப்போது சட்டையில் நான்கு பட்டன் அவனே போட்டுக்கொள்கிறான். கழுத்துப் பட்டன் அக்காவுடையது. நான் போட்டுவிட்டால் கழற்றிவிட்டு அவளிடம் ஓடுகிறான்.