பழைய டெக்கோடு சேர்க்க எந்தப் பலகை?

நியூ ஜெர்சி, பென்சில்வேனியா பக்கம் பழைய வீடு வாங்கும் நம்மவர்களுக்குப் பின்பக்கம் ஒரு சின்ன டெக்கும், அதாவது மரப்பலகை போட்ட திறந்த மேடையும், சேர்ந்தே வந்துவிடும். நாலு நாற்காலி போட்டால் இடம் முடிந்தது. ஊரிலிருந்து அப்பா அம்மா வரும் வருடத்தில் அதைக் கொஞ்சம் நீட்டலாமே என்று தோன்றும். கடைக்குப் போனால் பைன், சீடார், ஈப்பே, காம்போசிட் என்று அடுக்கி வைத்திருப்பார்கள். புதிதாகக் கட்டுகிறவர் விருப்பம்போல எடுக்கலாம். நீட்டுகிறவருக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. ஏற்கெனவே அங்கே இருக்கும் டெக் பாதி முடிவை எடுத்துவிடுகிறது.

முதலில் அதன் வயதைப் பாருங்கள். 2003 வரை இங்கே வீட்டு டெக்குகளுக்கு விற்ற பைன் பெரும்பாலும் செம்பு, குரோமியம், ஆர்சனிக் கலந்த சி.சி.ஏ. மருந்து ஏற்றியது. அந்த வருடக் கடைசியோடு வீட்டு உபயோகத்துக்கு அதை நிறுத்திவிட்டார்கள். ஆர்சனிக் விஷம், அதனால் உங்களுடையது அதற்கு முந்தையது என்றால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம், கழற்றிய துண்டுகளை எரிக்கவும் வேண்டாம். அம்மா வடகம் பிழிந்தால் பலகைமேல் நேராகத் துணி விரிக்காமல் ஒரு மேசை போட்டுக் கொடுங்கள். இந்த வகை டெக்கோடு புதுசை ஒட்டுவதைவிட மேல்பலகை முழுவதையும் மாற்றிவிடுவதே என் கட்சி.

இப்போது கடையில் கிடைக்கும் மருந்தேற்றிய பைனில் ஆர்சனிக் இல்லை. பூஞ்சையையும் கரையானையும் தடுப்பது செம்பு. அதே செம்பு சாதாரண ஆணியை அரித்துவிடும் என்பதால் ஹாட் டிப் கால்வனைஸ்டு (உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தது) அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூதான் போட வேண்டும். நாலில் இதுதான் மலிவு. தொல்லை ஈரத்தில் இருக்கிறது. மருந்தில் ஊறிய பலகை காயக் காய முறுக்கும், வெடிக்கும், சுருங்கும். ஈரப் பலகையை நெருக்கிப் போட்டால் போதும், காய்ந்ததும் இடைவெளி தானாக விழும். மருந்தேற்றியபின் சூளையில் உலர்த்திய பலகையும் உண்டு, கே.டி.ஏ.டி. என்று கேளுங்கள். விலை கூடுதல்தான், நான் அதைத்தான் எடுப்பேன். சில வருடத்துக்கு ஒருமுறை ஸ்டெயின் (மரத்தைக் காக்கும் பூச்சு) அடிக்கச் சோம்பினால் வெறுங்காலில் சிலாம்பு ஏறும்.

கனத்தையும் அளந்து பாருங்கள். டூ பை சிக்ஸ் பலகையின் உண்மையான கனம் ஒன்றரை அங்குலம். ஃபைவ் குவார்ட்டர் பலகை ஒரு அங்குலம்தான். பழையது முதல் வகை, புதியது இரண்டாம் வகை என்றால் சேரும் இடத்தில் அரை அங்குலப் படி விழும். வயதானவர்கள் கால் இடறுவது அங்கேதான். பலகையைத் தாங்கும் புது அடிச்சட்டத்தை அந்த அளவு உயர்த்திக் கட்டச் சொல்லுங்கள்.

சீடார் அழகு, மணம், லேசு. ஆனால் மென்மை. மரத்தின் கடினத்தைச் சொல்லும் ஜாங்கா அளவில் பைன் 690 பவுண்டு வாக்கில் நிற்கும்போது சீடார் சுமார் 350. இரும்பு நாற்காலியை இழுத்தால் தடம் விழும். விருந்தாளிகள் அதிகம் வரும் வீட்டுக்கு நான் சொல்லமாட்டேன்.

ஈப்பே நேர் எதிர். தென் அமெரிக்க மரம்; அதே அளவில் 3,500 வாக்கில் வரும், தண்ணீரில் போட்டால் மூழ்கும். துளை போடாமல் ஸ்க்ரூ இறங்காது, ரம்பம் சீக்கிரம் மழுங்கும், கூலி ஏறும். நியூயார்க் நகரம் கோனி ஐலண்ட் கடற்கரை நடைபாதைக்கு இதைத்தான் போட்டு வந்தது. மழைக்காடு அழிகிறதென்று எதிர்ப்பு கிளம்ப, 2008-இல் மேயர் புளூம்பெர்க் வெப்பமண்டல மரங்களின் உபயோகத்தைக் குறைக்கும் திட்டம் அறிவித்தார். 2024 நவம்பர் 25 முதல் அருகிவரும் உயிரினங்களின் உலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலிலும் ஈப்பே இருக்கிறது, விற்பவரிடம் அனுமதித் தாள் கேட்கலாம். எனக்கு உறுத்துவது வேறு. அடியில் இருக்கும் பைன் சட்டம் ஈப்பே உழைக்கும் காலம்வரை தாங்காது. ஏற்கெனவே பாதி ஆயுள் போன சட்டத்தின் பக்கத்தில் இந்தச் செலவு எதற்கு?

மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த காம்போசிட்டுக்கு ஸ்டெயின் வேண்டாம், சிலாம்பும் இல்லை. ஜூலை வெயிலில் அடர்நிறப் பலகை காலைச் சுடும். வெளிர் நிறம் எடுங்கள். பலகையை அடியில் தாங்கும் குறுக்குக் கட்டைகளான ஜாயிஸ்டுகள் 16 அங்குலத்துக்கு ஒன்றாவது வேண்டும், பலகை குறுக்குச் சாய்வாக ஓடினால் பொதுவாக 12. பழைய சட்டத்தில் இந்த இடைவெளி கூடுதலாக இருந்தால் நடுவில் ஜாயிஸ்ட் சேர்க்கும் செலவும் உண்டு. பைனின் பக்கத்தில் இதைப் போட்டால் எத்தனை வருடம் ஆனாலும் நிறம் சேராது. போட்டால் முழு டெக்குக்கும் போடுங்கள்.

ஆக, பழைய பைன் திடமாக இருந்தால் கே.டி.ஏ.டி. பைன். சேரும் இடத்தில் ஒரு பலகையைக் குறுக்கே ஓடவிட்டு, புதுப் பகுதியின் திசையை மாற்றிவிட்டால் நிற வித்தியாசம் வேண்டுமென்றே செய்ததுபோல இருக்கும். மேல்பலகை மட்டும் தளர்ந்து சட்டம் நன்றாக இருந்தால் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வெளிர் நிறக் காம்போசிட். எதை எடுத்தாலும் அடிச்சட்டத்துக்குப் பெரும்பாலும் மருந்தேற்றிய பைன்தான். மண்ணைத் தொடும் தூணில் ‘கிரவுண்ட் கான்டாக்ட்’ சீட்டு இருக்கிறதா பாருங்கள். பலகைக்கு ஆர்டர் கொடுக்குமுன் டவுன்ஷிப் (உள்ளூர் நிர்வாகம்) தரும் பெர்மிட் கையில் இருக்கட்டும்.